யாருடைய களைப்புக்கு வெந்நீர்?

தைப்பொங்கல் முடிந்த அடுத்த கிழமை ஒக்லாந்தில், மவுண்ற் றொஸ்கில் பக்கம், தெரிந்த ஒருவர் வீட்டில் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். மார்கழி விடுமுறைக்கு ஊருக்குப் போய் வந்த குடும்பம். சாப்பாடு முடிந்ததும் வழமைபோலப் படங்கள் காட்டப்பட்டன. நல்லூர், கீரிமலைக் கேணி, காரைநகர்க் கடற்கரை, இடிந்த வீட்டின் மிச்சச் சுவர். அதுவரை எல்லோரும் கொஞ்சம் கலங்கிப்போய்த்தான் இருந்தோம். பிறகு மலை வந்தது. பச்சைத் தேயிலை நடுவே வெள்ளையாய் நிமிர்ந்து நிற்கும் ஒரு பெரிய கட்டிடம். வரிசை வரிசையாக யன்னல்கள். உள்ளே வெந்நீர் நிரம்பிய குளியல் தொட்டியில் கழுத்துவரை மூழ்கியபடி அண்ணை சிரித்துக்கொண்டிருந்தார். அடுத்த படத்தில் அக்கா. கொழுந்து பறிக்கும் பெண்கள் கட்டுவதுபோலச் சேலையைக் கட்டி, தலையில் கயிறு மாட்டி, முதுகில் கூடையைத் தொங்கவிட்டு, இரண்டு விரலால் ஒரு கொழுந்தைப் பிடித்துக்கொண்டு.

"தம்பி, நீ ஒருக்காப் போய் நிண்டு பார். உடம்பு அலுப்பெல்லாம் பறந்திடும். பழைய தேயிலை ஸ்டோராம், என்ன வடிவாச் செய்து வைச்சிருக்கிறாங்கள்" என்றார் அண்ணை.

"அக்கா அசல் தோட்டக்காட்டுக்காரி மாதிரியே இருக்கிறா" என்று யாரோ சொன்னார்கள். அறை முழுக்கச் சிரித்தது. நானும் அந்த அறையில்தான் இருந்தேன். எழும்பிப் போகவில்லை. அந்த வெட்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அந்தக் கட்டிடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நுவரெலியாவிலிருந்து சுமார் 14 கிலோமீற்றரில் கந்தப்பளை. அங்கே, கடல் மட்டத்திலிருந்து 6,000 அடிக்கு மேலே, ஹெதர்செட் தோட்டத்தின் தேயிலைத் தொழிற்சாலை இருந்தது. வேலை நின்று பல ஆண்டுகள் பூட்டிக்கிடந்த அந்தக் கட்டிடத்தை எயிற்கின் ஸ்பென்ஸ் நிறுவனம் எடுத்து 1996 இல் ஹோட்டலாகத் திறந்தது. இன்று அதன் பெயர் ஹெரிட்டன்ஸ் ரீ ஃபக்டரி. இரும்புத் தூண்களும் யன்னல்களும் பழைய இயந்திரங்களும் அப்படியே வைக்கப்பட்டுள்ளன. பழைய புகைவண்டிப் பெட்டியொன்று சாப்பாட்டறையாக்கப்பட்டிருக்கிறது. உடம்பு பிடித்துவிட ஸ்பா இருக்கிறது. விரும்பிய விருந்தினர் உடை மாற்றிக்கொண்டு தாங்களே கொழுந்து பறித்துப் பார்க்கலாம். 2001 இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுரிமை விருதுகளின் பட்டியலிலும் இந்தக் கட்டிடம் இடம்பிடித்தது.

தேயிலைத் தொழிற்சாலை எப்படி வேலைசெய்தது என்று தெரிந்தால்தான் இந்த ஹோட்டலின் அழகு முழுதாக விளங்கும். மேல்மாடிகளில் பச்சைக் கொழுந்தைப் பரப்பி, பன்னிரண்டு முதல் பதினெட்டு மணித்தியாலம்வரை காற்றில் வாட்டுவார்கள். அத்தனை யன்னல்கள் அதற்காகத்தான். வாடிய கொழுந்து கீழே இறங்கி உருளைகளில் அரைபட்டு, நொதித்து, பிறகு சூளையின் வெப்பக்காற்றில் காயும். நாலரை, ஐந்து கிலோ பச்சைக் கொழுந்து காய்ந்து ஒரு கிலோ தேயிலையாகும். விருந்தினரின் படுக்கையறைகள் இன்று இருப்பது அந்தக் கொழுந்து வாடிய மாடிகளில்தான். மலையைப் பார்த்தபடி கண்விழிக்க உதவும் யன்னல், தேயிலையின் ஈரத்தை வெளியேற்ற வைத்த யன்னல்.

இப்போது குளிரைப் பற்றி. தை, மாசியில் நுவரெலியாப் பக்கம் அதிகாலையில் புல்லின்மேல் உறைபனி படியும். அந்தக் குளிரில் ஒரு தோட்டத்தில் ஒழுங்கான சூடு இருந்த இடங்கள் இரண்டு. ஒன்று துரை பங்களாவின் கணப்பு. மற்றது ஸ்டோரின் சூளை. மூன்றாவதாக லயத்து அடுப்பு ஒன்றும் உண்டு. வேலை முடிந்து வருகிற வழியில் பெண்கள் தலையில் சுமந்துவந்த விறகில் அது எரியும், புகை காம்பராவுக்குள்ளேயே சுற்றும். ஆக, பெரிய சூடு தேயிலைக்குக் கிடைத்தது. பறித்தவளுக்குப் பீலித் தண்ணீர் கிடைத்தது. நூறு வருடத்துக்கு மேலாக இந்த ஒழுங்குதான். ஸ்டோர் மூடப்பட்டு ஹோட்டலாகியபோது சூட்டுக்குரியவர் மாறினார். முன்பு தேயிலை, இப்போது விருந்தினர். பீலிக்கரையில் நிற்பவள் அதே இடத்தில்தான் நிற்கிறாள்.

நான் சொல்ல வந்தது இதுதான். பழைய ஆலையை ஹோட்டலாக்குவதோ, மனிதர் வெந்நீரில் குளித்துச் சுகம் காண்பதோ குற்றமென்று நான் சொல்லவில்லை. ஒரு கட்டிடத்தின் உழைப்பை அலங்காரமாக எடுத்துக்கொண்டு, உழைத்தவரைக் கதவுக்கு வெளியே வைத்திருப்பதைப் பற்றித்தான் என் கேள்வி. அதைவிடப் பெரிய கேள்வி, அந்தக் கதவுக்கு உள்ளே நின்று வேடம் போட்டுச் சிரிக்கிற எம்மைப் பற்றியது.

"எல்லா இடமும் இப்படித்தானே" என்பார்கள். உண்மை, பழைய ஆலைகளுக்கு இப்போது உலகமெங்கும் கிராக்கி. லண்டனில் பாங்க்சைட் மின்நிலையம் 2000 ஆம் ஆண்டு ரேற் மொடேண் என்ற கலைக்கூடமானது. ஒக்லாந்திலும் இவை உண்டு. விக்ரோறியா பார்க் பக்கம் உயர்ந்த செங்கல் புகைபோக்கியோடு நிற்கும் கட்டிடங்கள் ஒருகாலத்தில் நகரத்தின் குப்பையை எரித்தவை. 1980களில் அவற்றைச் சந்தையாக்கினார்கள். வின்யாட் குவாட்டரில் சீமெந்து கொட்டிவைத்த குதங்களை இடிக்காமல் விட்டு, அவற்றின் அடியில் பொதுமக்களுக்கு வெளி அமைத்திருக்கிறார்கள். ஆனால் எல்லாம் ஒரே மாதிரியல்ல என்பதற்கு இந்த நகரத்திலேயே ஒரு சாட்சி இருக்கிறது.

கஸ்ரம்ஸ் வீதி மேற்கில் ரெப்பிட் பாத்ஸ் என்றொரு குளிப்பிடம். 1914 இல் திறந்தது. கடல்நீரை இழுத்து, அருகிலிருந்த டிராம் மின்நிலையத்தின் கொதிகலன் வெப்பத்தால் இளஞ்சூடாக்கி நிரப்பினார்கள். ஆணுக்கொரு தடாகம், பெண்ணுக்கொரு தடாகம். துறைமுகத்தில் மூட்டை சுமந்தவனும் கடையில் கணக்கெழுதியவனும் சில்லறை கொடுத்து இறங்கக்கூடிய தண்ணீர். டிராமை ஓட்டிய வெப்பம் டிராமில் வந்தவரின் உடம்பைச் சூடாக்கியது. இன்று டிராமும் இல்லை, அந்த மின்நிலையமும் இல்லை. ஆனால் குளிப்பிடத்தை யாரும் ஆடம்பர ஹோட்டலாக்கவில்லை. பெருஞ்செலவில் திருத்தி 2012 இல் மீண்டும் திறந்தார்கள். நகரசபையின் சொத்தாகவே இருக்கிறது.

நான் அங்கே போகிறவன். றெஸ்ரோறன்ற் சமையலறையில் பத்து மணித்தியாலம் நின்று கோப்பை கழுவி, தாச்சி சுரண்டி, எண்ணெய்ப் பிசுக்கோடு வெளியே வருகிறவனுக்கு வெந்நீர் என்றால் என்னவென்று யாரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை. லீவு நாளில் போய் அந்தச் சூட்டில் இருக்கும்போது பக்கத்தில் இருப்பவர் வங்கி முகாமையாளரா கட்டிடத் தொழிலாளியா என்று தெரியாது. உடுப்பில்லாத உடம்பில் பதவி எழுதியிருக்காது. அண்ணை சொன்ன "அலுப்புப் பறக்கிற" சுகம் எனக்கும் விருப்பமானதே. அதனால்தான் அது யாருக்குக் கிடைக்கிறது, யாருக்குக் கிடைக்கவில்லை என்று கேட்கிறேன்.

இதை வைத்து நியூஸிலாந்தைச் சொர்க்கமாக்க நான் வரவில்லை. ஒக்லாந்துக்குத் தெற்கே புக்கக்கோகே என்ற மரக்கறித்தோட்ட ஊரில் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்கூட மாவோரிப் பிள்ளைகள் நீச்சல் தடாகத்தில் இறங்க வெள்ளிக்கிழமையைத்தான் ஒதுக்கியிருந்தார்கள். அவர்கள் இறங்கிய பின் தண்ணீரை மாற்றுவார்கள். வடக்கே வைவெரா. மாவோரி மொழியில் அந்தப் பெயரே வெந்நீர் என்று பொருள்படும். கடற்கரை மணலில் குழி தோண்டி அந்த மக்கள் குளித்த இடத்தை 1840களில் ஒரு வெள்ளைக்கார வியாபாரி வாங்கி உல்லாசக் குளிப்பிடமாக்கினார். கடைசியாக அங்கே இருந்த குளிப்பிடம் 2018 இல் மூடப்பட்டது. யார் முதலில் இறங்குவது, யாருக்குப் பிறகு தண்ணீரை மாற்றுவது என்ற கணக்கு எங்களுக்குப் புதியதா? கிணற்றில் யார் அள்ளலாம், யார் அள்ளக்கூடாது என்று சாதி பார்த்துக் காவல் நின்ற யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்களல்லவா நாம். புக்கக்கோகேயின் வெள்ளைக்காரனை எங்களுக்கு யாரும் அறிமுகப்படுத்தத் தேவையில்லை.

இனி, எனக்குச் சொல்லப்படக்கூடிய மறுப்புகள்.

முதலாவது: "ஹோட்டல் வராவிட்டால் அந்தக் கட்டிடம் இடிந்து விழுந்திருக்கும்." விழுந்திருக்கலாம். அதைக் காப்பாற்றியது நல்லதே. ஆனால் காப்பாற்றியது எதை என்று பாருங்கள். இரும்பைக் காப்பாற்றினார்கள், யன்னலைக் காப்பாற்றினார்கள், இயந்திரத்துக்கு எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்தார்கள். மலைநாட்டில் துரைமார் இருந்த பங்களாக்களும் இப்படிக் காப்பாற்றப்பட்டுள்ளன. 2005 இலிருந்து சில பங்களாக்கள் ஒன்றாக இணைக்கப்பட்டு உயர்விலை விடுதிகளாக நடக்கின்றன. தோட்டத்தின் மூன்று கட்டிடங்களில் ஸ்டோர் ஹோட்டலாகிவிட்டது, பங்களா விடுதியாகிவிட்டது. மூன்றாவது கட்டிடமான லயம் மட்டும் மரபுரிமையாகவில்லை. அதற்குள் இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் மூன்று தலைமுறை. தாங்கள் குடியிருக்கும் நிலத்தில் 7 பேர்ச்சஸ் துண்டுக்கு உறுதி வாங்க இவர்கள் எத்தனை அரசாங்கங்களின் வாசலில் நின்றார்கள்! 2014 ஒக்ரோபர் 29 காலை கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்கள் மண்ணுக்குள் போனபோது, அங்கே பாதுகாக்க வேண்டியது எதுவென்று எந்த விருதுக்குழுவையும் யாரும் கேட்கவில்லை.

இரண்டாவது: "ஹோட்டலால் சனத்துக்கு வேலை கிடைக்குதுதானே." கிடைக்கும். நானும் அப்படி ஒரு வேலையில்தான் இருக்கிறேன், அதை இழிவாகச் சொல்ல மாட்டேன். ஆனால் வேலை கொடுப்பதை ஒரு தர்மமாகக் காட்டுகிற பேச்சு மலையகத்துக்குப் பழையது. கப்பலேற்றிக் கொண்டுவந்தபோதும் வேலை தருகிறோம் என்றுதான் சொன்னார்கள். நாட்சம்பளம் 1,000 ரூபா வேண்டும் என்று அவர்கள் ஆண்டுக்கணக்காகத் தெருவில் நின்றார்கள். 2021 இல்தான் அது சம்பளச் சபை மூலம் வந்தது. 2024 இல் 1,350 ரூபாவானது. இடையில் 2022 இன் பொருளாதார வீழ்ச்சி வந்து அந்த 1,000 ரூபாவின் பெறுமதியைத் தின்றுவிட்டிருந்தது. இந்தத் தொகையை வைத்துக்கொண்டு, ஸ்டோரின் மேல்மாடியில் ஓர் இரவு தங்க எத்தனை நாள் கொழுந்து பறிக்க வேண்டும் என்று கணக்குப் பார்க்கச் சொல்லுங்கள். படம் காட்டிய அண்ணை கணக்காளர். அவருக்கு இது ஒரு நிமிட வேலை.

மூன்றாவது மறுப்பு எனக்கு மிகவும் கோபம் தருவது: "அது சும்மா ஒரு பகிடிக்குப் போட்ட உடுப்பு. மரியாதையாத்தான் போட்டது."

சரி. ஒரு கற்பனை செய்வோம். ஐம்பது வருடம் கழித்து ஒக்லாந்தில் நாம் வேலைசெய்கிற சமையலறைகளில் ஒன்றை யாரோ வாங்கி வடிவான ஹோட்டலாக்குகிறார்கள். நாம் கோப்பை கழுவிய தொட்டியை மினுக்கி, வெந்நீர் நிரப்பி, விருந்தினரின் குளியல் தொட்டியாக வைக்கிறார்கள். வாசலில் ஓர் ஆணியில் ஈரமான றப்பர் அங்கிகள் தொங்குகின்றன. "தமிழ் அகதிபோல உடுத்து அரை மணித்தியாலம் கோப்பை கழுவிப் பாருங்கள்" என்று ஓர் அட்டை. நல்ல சம்பளக்காரர் ஒருவர் அந்த அங்கியைப் போட்டு, கையில் ஒரு கோப்பையைப் பிடித்தபடி படம் எடுத்து நண்பர்களுக்குக் காட்டுகிறார். "அசல் அகதி மாதிரியே இருக்கிறாய்" என்று அறை சிரிக்கிறது. எங்கள் பிள்ளைகள் அந்த அறையில் இருந்தால் என்ன செய்வார்கள்? அதில் மரியாதை இருப்பதாக அவர்களிடம் சொல்ல எங்களுக்கு வாய் வருமா?

நியூஸிலாந்தில் எங்கள் பெயரை ஒழுங்காக உச்சரிக்காதவர்களிடம் எங்களுக்குக் கோபம். "இந்தியனா?" என்று கேட்டால் கோபம். ஆனால் மலையகத் தமிழரை "இந்தியாக்காரர்", "வடக்கத்தியான்", "தோட்டக்காட்டான்" என்று அழைத்த வாய் யாருடையது? 1948 இல் குடியுரிமைச் சட்டம் வந்து இலட்சக்கணக்கானவர்களை நாடற்றவர்களாக்கியது. 1949 இல் இந்திய, பாகிஸ்தானிய வதிவோருக்கான சட்டம் வந்தபோது ஜீ.ஜீ. பொன்னம்பலம் அரசாங்கத்தில் அமைச்சர். அதை எதிர்த்து செல்வநாயகம் பிரிந்துவந்து தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார் என்று எங்கள் மேடைகளில் பெருமையாகச் சொல்வோம், பிரிந்துவராமல் இருந்தவர்களைப் பற்றி மெல்லிய குரலில்கூடச் சொல்ல மாட்டோம். 1964 இல் சிறிமாவும் சாஸ்திரியும் உட்கார்ந்து 525,000 பேர் உனக்கு, 300,000 பேர் எனக்கு என்று மனிதரைக் கொழுந்து நிறுப்பதுபோல நிறுத்துப் பங்கிட்டபோது வடக்கு எவ்வளவு கொதித்தது? இன்று "எங்கள் தாயகம்" என்று பிள்ளைகளுக்குக் காட்டப் போகிறவர்கள், அந்தத் தாயகத்தில் தேயிலை நாட்டையும் ஒரு பச்சைப் பின்னணியாகச் சேர்த்துக்கொள்கிறார்கள்.

மற்றவர்களைச் சொல்லிவிட்டு நான் தப்பிக்க முடியாது. எங்கள் வீட்டில் ஒரு பிள்ளை வேலைக்கு நின்றாள். அவளுடைய தாய்தகப்பன் 1977 கலவரத்துக்குப் பிறகு மலையிலிருந்து ஓடிவந்து கிளிநொச்சிப் பக்கம் காடு வெட்டிக் குடியேறியவர்கள். அவள் வந்தபோது பதினொரு வயதிருக்கும். என்னைவிட இரண்டோ மூன்றோ வயது மூத்தவள். அப்பாவுக்குத் தொய்வு. பச்சைத் தண்ணீர் ஆகாது. காலையில் ஐந்து மணிக்கு அவள் எழும்பிக் கிணற்றில் அள்ளி, கிடாரத்தில் ஊற்றி, பொச்சுமட்டையும் ஊமலும் போட்டு எரித்து வெந்நீர் வைப்பாள். அப்பா குளித்த பிறகு மிச்சத்தில் நாங்கள் குளிப்போம். அவள் குளித்தது கிணற்றடிக்குப் பின்னால், வாளித் தண்ணீரில், மார்கழியிலும். அவளுக்குக் குளிருமா என்று நான் யோசித்ததில்லை. அம்மா அதற்கு ஒரு விளக்கமும் வைத்திருந்தா: "அதுகள் மலையில பிறந்ததுகள், அதுகளுக்குக் குளிர் பிடிக்காது." அவள் பிறந்தது கிளிநொச்சியில்.

பல்கலைக்கழகத்துக்குப் போய், சமத்துவம், சுரண்டல் என்றெல்லாம் இரண்டு வருடம் வாய்கிழியக் கதைத்துவிட்டு, படிப்பை முடிக்காமல் நாட்டைவிட்டு வந்தேன். அந்த இரண்டு வருடத்தில் ஒருநாள்கூட எனக்கு அந்தக் கிடாரம் ஞாபகம் வரவில்லை. ஞாபகம் வந்தது இங்கே. முதல் வேலையில், முதல் இரவு, எல்லோரும் சாப்பிட்டு எழும்பிய பிறகு கொதிநீர்க் குழாயின்முன் தனியாக நின்றபோது. என்னை அங்கே ஒருவரும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. நாங்கள் அவளைக் கூப்பிட்டதும் "பெட்டை" என்றுதான்.

ஆகவே அண்ணையிடமும் அக்காவிடமும் நான் கேட்பது பெரிய தியாகம் ஒன்றுமில்லை. விடுமுறைக்குப் போங்கள். மலைக்கும் போங்கள். குளிரில் வெந்நீரில் குளியுங்கள், உங்களுக்கும் இங்கே முதுகு நோகிற வேலைதான். ஆனால் அந்தக் கூடையைத் தொடாதீர்கள். அந்தக் கயிறு தலையில் வெட்டிய தழும்பு உள்ளவர்கள் யன்னலுக்கு வெளியே, கம்பளியும் படங்குமாக, அட்டைக்கடியோடு நிற்கிறார்கள். அவர்களுக்கு முன்னால் அது பகிடியாகாது. தேயிலையை யார் நட்டார்கள், ஸ்டோரில் யார் இரவு வேலை செய்தார்கள், அவர்களின் வாக்குரிமையை யார் பறித்தார்கள், அப்போது எங்கள் தலைவர்கள் எந்தப் பக்கத்துக் கதிரையில் இருந்தார்கள் என்று, படம் காட்டும்போது பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

2023 இல், தங்கள் முன்னோர் வந்து 200 வருடமானதை நினைத்து மலையக மக்கள் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தார்கள். முன்னோர் காட்டுவழியே நடந்து, வழிநெடுகச் செத்து விழுந்த அதே பாதை. ஒக்லாந்தில் நாம் மாவீரர் நாளுக்கு மண்டபம் எடுக்கிறோம், முள்ளிவாய்க்காலுக்கு விளக்கேற்றுகிறோம், கறுப்பு யூலைக்குக் கூடுகிறோம். அந்த நடைக்கு இங்கே ஒரு கூட்டமாவது நடந்ததாக நான் அறியவில்லை. நடத்தியிருக்க வேண்டியவர்களில் நானும் ஒருவன்.

அன்றிரவு படங்கள் முடிந்து எல்லோருக்கும் தேத்தண்ணி வந்தது. நல்ல நிறம், நல்ல வாசம். அக்கா பெட்டியைக் காட்டினா. அந்த ஹோட்டலில் வாங்கி வந்ததாம். நான் குடித்தேன். குடித்துவிட்டு, வழக்கம்போலக் கோப்பைகளைக் கழுவ எழும்பினேன். "விடு தம்பி, அதுக்கு மெஷின் இருக்கு" என்றார் அண்ணை. இருந்தும் கழுவினேன். கையில் வெந்நீர் பட்டபோது எங்கள் வீட்டுக் கிடாரத்தடியில் குந்தியிருந்தவளின் முழுப்பெயரை ஞாபகப்படுத்திப் பார்த்தேன். எனக்கு அது ஒருநாளும் தெரிந்திருக்கவில்லை.